வைட்பேண்ட் சென்சரின் ஆயுளும் வெல்டரின் கையும்

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளந்து, காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலந்து எரிந்தன என்பதைத் தெரிவிக்கும் கருவி லாம்டா சென்சர் எனப்படும். பாஷ் நிறுவனம் 1976-இல் வோல்வோ கார்களுக்கு அளித்த முதல் வகை, கலவை 14.7 என்னும் விகிதத்துக்கு மேலே உள்ளதா கீழே உள்ளதா என்று மட்டுமே காட்டியது. பின்னர் வந்த வைட்பேண்ட் வகை, எவ்வளவு விலகியுள்ளது என்பதையும் அளந்து காட்டுவதால், எஞ்சினைத் திருத்தியமைக்கும் பட்டறைகளுக்கு அது இன்றியமையாததாயிற்று. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத்தளம் உள்ள கோவையில் இத்தகைய வேலை புதிதன்று. ஆயினும் பந்தயக் காரில் தேய்பொருளாகக் கருதி மாற்றப்படும் சென்சர், அன்றாடம் அலுவலகம் சென்று திரும்பும் காரில் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியுள்ளது.

கணினித் திரையில் எரிபொருள் அட்டவணையைத் திருத்துபவருக்கே பட்டறையில் மதிப்பு அதிகம். ஆனால் சென்சரின் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்பவர் சைலன்சர் குழாயின் அடியில் படுத்திருக்கும் ஆர்கான் வெல்டரே. குழாயில் துளையிட்டு, 18 மில்லிமீட்டர் மரை கொண்ட வளையத்தை அவர் பற்றவைக்கிறார். சூட்டில் மரை கோணாதிருக்க, செத்துப்போன பழைய சென்சர் ஒன்றை அதில் திருகி வைத்துக்கொள்கிறார். வளையம் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 பாகையாவது மேல்நோக்கிச் சாய்ந்து, சென்சரின் முனை கீழ்நோக்கி நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டால், "தண்ணி நிக்கக் கூடாதுங்க" என்பதே அவருடைய முழு விளக்கம். அதுவே போதுமானது: சென்சருக்குள் உள்ள சிர்கோனியா என்னும் பீங்கான் ஏறத்தாழ 780 பாகை செல்சியஸில் இயங்குகிறது, காலையில் குளிர்ந்த குழாயில் படிந்த நீர்த்துளி அதன்மீது தெறித்தால், காய்ந்த மண்சட்டியில் குளிர்நீர் தெளித்தது போல் அது விரிசல் கண்டுவிடும்.

இதனாலேயே, குழாய் சூடாகும்வரை சென்சரின் ஹீட்டருக்கு முழு மின்சாரம் தராத கட்டுப்பாட்டுக் கருவி தேவைப்படுகிறது. குழாய் சூடேறும் முன்பே முடிந்துவிடும் குறும்பயணங்கள் நெடுஞ்சாலை ஓட்டத்தைவிடச் சென்சருக்குக் கேடானவை. மறுபுறம், மின்சாரமே இல்லாமல் புகையில் நிற்கும் சென்சரில் கரி படிந்து அடைத்துக்கொள்வதால், சென்சரின் அளவைக் காட்டும் மீட்டரைக் கழற்றுபவர் சென்சரையும் கழற்றித் துளைக்கு மூடி போட வேண்டும். டர்போ உள்ள காரில், வெப்பமும் அழுத்தமும் மிகுந்த டர்போவுக்கு முந்தைய குழாயை விடுத்து டர்போவுக்குப் பின்னால் பொருத்துவதும், எண்ணெய் எரிக்கும் எஞ்சினை முதலில் பழுதுபார்ப்பதும், சிலிக்கோன் பசையைத் தவிர்ப்பதும் பட்டறையின் பிற விதிகள். இணைப்பியை வெட்டி வேறு வயர் கோப்பது பெருந்தவறு. ஒவ்வொரு சென்சருக்கும் தனித்தனியே அளவிட்டு அமைத்த மின்தடை அந்த இணைப்பிக்குள்தான் இருக்கிறது.

இத்தனை கவனத்தையும் பாழாக்குவது போலிச் சரக்கு. அசலைப் போன்ற பெட்டியில் போலியைத் தள்ளிவிடும் இடைத்தரகர் லாபத்துடன் ஒதுங்கிக்கொள்ள, சென்சர் செத்ததும் "வெல்டிங் சரியில்லை" என்ற பழி மட்டும் பற்றவைத்தவர் தலையில் விழுகிறது. ஆகவே கார் வைத்திருப்போர் சென்சரை ரசீதுடன் நம்பகமான விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். சாய்வு பார்த்து வளையம் வைக்கும் வெல்டரின் கூலியில் பேரம் பேசாதிருக்க வேண்டும்.