பிசாரோவின் வயலும் வீடும்

பிரெஞ்சு நாட்டுப்புறத்தை ஓவியத்திற் பதித்தோருள் முதன்மையானவராகிய கமீய் பிசாரோ பிரான்சிற் பிறந்தவரல்லர். டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்டிருந்த கரிபியத் தீவாகிய சென் தோமசில், யூத வணிகக் குடும்பமொன்றில், 1830இற் பிறந்தார். 1855இல் பரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தும், இறுதிவரை டென்மார்க்கின் குடிமகனாகவே வாழ்ந்தார்.

தாயின் வீட்டிற் பணிபுரிந்த யூலி வெலேயை அவர் விரும்பியதைப் பெற்றோர் ஏற்கவில்லை. பிரசியப் படையெடுப்பின்போது இங்கிலாந்திற் புகலடைந்தவர், 1871இல் அங்கேயே அவரை மணந்தார். திரும்பியபோது, லூவ்சியன் வீட்டில் விட்டுச்சென்ற ஓவியங்களுட் பெரும்பாலானவை அழிந்திருந்தன. 1874இல் மனப்பதிவுவாத ஓவியர்களின் முதற் கண்காட்சி ஏளனத்துக்குள்ளாயிற்று. அவ்வாண்டே மகளொருத்தியையும் இழந்தார். எனினும், அக்குழுவினரின் எட்டுக் கண்காட்சிகளிலும் பங்குகொண்டவர் அவர் ஒருவரே.

இவ்வுறுதியின் சுமையைத் தாங்கியது குடும்பமாகும். காய்கறி பயிரிட்டும் கோழி வளர்த்தும் பிள்ளைகளின் பசி தணித்தவர் யூலி. அவர்கள் வருவாயுள்ள தொழில் பயிலவேண்டுமென அவர் வற்புறுத்தினார். தந்தையோ தூரிகையைக் கையளித்தார். மூத்த மகன் லூசியனுக்கு அவர் எழுதிய கடிதங்களில் கலைப்போதனையும் கடன்தொல்லையும் அருகருகே இடம்பெறுகின்றன. வளர்ந்த புதல்வர் ஐவரும் ஓவியராயினர். தந்தையின் அன்பு அதுவெனின், தாயின் அச்சமும் அன்பேயன்றோ?

1892இல், கணவர் இலண்டனில் இருந்தவேளை, யூலி ஓவியர் மொனேயிடம் கடன்கேட்டு, தாம் வாடகைக்கிருந்த எராஞ்ஞி வீட்டைச் சொந்தமாக்க வழிசெய்தார். 1903இல் மறையும்வரை பிசாரோ மீண்டும் மீண்டும் தீட்டிய புல்வெளியும் பழத்தோட்டமும் அவ்வீட்டைச் சூழ்ந்தவையே. குடிபெயர்ந்து வந்தவருக்குக் காலூன்ற நிலம் தேடித்தந்தது யூலியின் துணிவு என்பதை, அவ்வோவியங்களை வியப்போர் நினைவிற் கொள்ளல் தகும்.