யேனா நகரும் இறுகிய வில்லைகளும்

ஜேர்மனி தேசத்தின் நடுப்பாகத்திலே, துரிங்கியா மாநிலத்தில், சாலே நதியின் கரையில் அமைந்துள்ளது யேனா என்னும் நகரம். இருமருங்கும் சுண்ணாம்புக் கற்குன்றுகள், இடையே பள்ளத்தாக்கு. புகையிரதத்தில் வருவோர் இறங்கும் நிலையத்தின் பெயர் ‘பாரடீஸ்’. சுவர்க்கம் என்பது அதன் பொருள். அருகிலுள்ள பூங்காவின் பெயரே நிலையத்துக்கும் வந்தது. 1558இல் தோன்றிய பல்கலைக்கழகத்தால் அறிஞரிடையே புகழ்பெற்றது இவ்வூர். ஆயினும், தூரதேசங்களில் உள்ள சாதாரண மக்கள் இதன் பெயரை வாசித்தது கமரா வில்லைகளின் விளிம்பிலேதான்.

1846இல் கார்ல் சைஸ் என்பவர் இங்கே ஒரு சிறு பட்டறையைத் திறந்தார். 1866இல் ஏர்ன்ஸ்ட் அபே என்னும் பௌதிக அறிஞர் அவருடன் சேர்ந்தார். 1884இல் ஒட்டோ ஷொட்டின் கண்ணாடித் தொழிற்சாலையும் எழுந்தது. கைவினை, கணிதம், கண்ணாடி என்னும் மூன்றும் ஓரூரில் கூடியதன் பயனாகவே யேனாவின் வில்லைகள் சிறந்தன. நான்கு கண்ணாடிகளைக் கொண்ட ‘ரெஸ்ஸார்’ வில்லை 1902இல் இங்கே பிறந்தது. தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலைநாளை 1900ஆம் ஆண்டிலேயே வழங்கியதும் இத்தொழிற்சாலைதான். அபேக்கு 1911இல் எழுப்பப்பட்ட எண்கோண மண்டபத்தையும், 1926இல் திறக்கப்பட்டு இன்றும் இயங்கிவரும் கோளரங்கத்தையும் யாத்திரிகர் காணாது திரும்புவதில்லை.

இந்நகர் பட்ட துன்பமும் பெரிது. 1945இல் குண்டுவீச்சால் சிதைந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கப் படையினர் அறிஞர் பலரை மேற்கு ஜேர்மனிக்கு அழைத்துச் சென்றனர். 1946இல் சோவியத் அதிகாரிகள் இயந்திரங்களிற் பெரும்பகுதியைக் கழற்றிக் கொண்டுபோயினர். மேற்கே ஓபர்கோக்கன் என்னும் ஊரிலும், கிழக்கே யேனாவிலும் ஒரே பெயருடைய இரு நிறுவனங்கள் நின்று, அப்பெயருக்காக வழக்காடின. அதனால் மேற்கு நாடுகளுக்கு ஏற்றுமதியான சில வில்லைகளில் ‘சைஸ்’ என்ற பெயரே இராது. ‘யேனாவிலிருந்து’ என்ற சொற்கள் மட்டும் இருக்கும். ‘ரெஸ்ஸார்’ என்பதும் ஒற்றை எழுத்தாகக் குறுகியது. தேசம் ஒன்றானபின் 1991இல் இரு கிளைகளும் மீண்டும் இணைந்தன. ஆனால், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். யேனாவின் பழைய புகைப்பட வில்லைகளின் உற்பத்தியும் அத்துடன் நின்றது.

ஆகவே, நம் வீட்டு அலுமாரியில் தந்தையார் வைத்துச் சென்ற அத்தகைய வில்லை ஒன்று கிடக்குமாயின், அதன் வளையம் உடைந்தால் புதிய வளையம் அனுப்பித் தருவதற்கு அங்கே எவருமில்லை. இறுகிப்போனதை உடையாமல் இளக்குவது எப்படி என்று அறிவது இதனாலேயே அவசியமாகின்றது.

முதலில் இறுகுவதன் காரணத்தைப் பார்ப்போம். தூரத்தைச் சரிசெய்யும் வளையம் நுண்ணிய திருகுப் புரிகளில் ஓடுகின்றது. அப்புரிகளுக்குக் கிறீஸ் பூசியிருப்பார்கள். ஆண்டுகள் பல சென்றபின் கிறீஸிலுள்ள எண்ணெய் பிரிந்து, ஒளித்துவாரத்தின் மெல்லிய தகடுகளிற் படியும். எஞ்சிய பசையோ புரிகளிற் காய்ந்து கட்டியாகும். அங்கே வளையம் இறுகுவதும் இங்கே தகடுகள் ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் ஒரே நோயின் இரு குறிகள்.

வளையம் சுழலாவிடின் உடனே பலத்தைப் பிரயோகித்தல் ஆகாது. பக்கத்திலே மிகச் சிறிய திருகாணி ஒன்று அதனைப் பிடித்திருக்கிறதா என்று உருப்பெருக்கியால் முதலிற் பார்த்தல் வேண்டும். திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே எடுத்தல் வேண்டும். சிலவேளை அரக்குப் பூச்சினால் திருகாணி ஒட்டப்பட்டிருக்கும்; ஊசிமுனையில் ஒரு துளி அசெற்றோன் வைத்தால் அது இளகும்.

முன்புற வளையத்தை இரு விரல்களால் நெரித்தால் அது நீள்வட்டமாகி மேலும் இறுகும். தட்டையான றப்பர்த் துண்டை அதன்மேல் வைத்து, உள்ளங்கையால் நேரே அழுத்திச் சுழற்றினால், விசை எங்கும் சமமாகப் பரவும். வெப்பமும் உதவி செய்யும். அலுமினியம் பித்தளையை விடக் கூடுதலாக விரிவடையும். ஆதலால், வெளிவளையம் அலுமினியமும் உட்பகுதி பித்தளையுமாயின், தலைமயிர் உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டப் பிடி தளரும். மாறாக அமைந்திருப்பின் சூட்டினால் இறுக்கமே கூடும். கண்ணாடிகளை ஒட்டிய பசை சூட்டினாற் கெடும் என்பதையும் மறத்தலாகாது. காய்ந்த கிறீஸுக்கு, சிகரெட் லைட்டரில் இடும் எண்ணெயைப் புரியின் ஓரத்திற் சிறு துளியாக விட்டு, ஓர் இரவு பொறுத்திருத்தல் நன்று. அது தீப்பற்றக் கூடியது. சூடு காட்டும் வேலையையும் இதனையும் ஒருபோதும் சேர்த்துச் செய்யலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. இப்புரிகளுக்கு ஒன்றல்ல, பல தொடக்கங்கள் இருக்கும். கழற்றும்போது இரு பகுதிகளும் விட்டுப் பிரியும் இடத்தை ஊசியாற் கீறி அடையாளமிடல் வேண்டும். அடையாளமின்றிப் பிரித்தவர் வேறொரு தொடக்கத்திற் பூட்டுவார். வளையம் இலகுவாகச் சுழலும், ஆனால் தூரத்து மலை தெளிவாகத் தெரியாது. பிரிப்பதை விட, பிரிந்த இடத்திலேயே மீண்டும் சேர்ப்பது கடினம். நாற்பத்தைந்து ஆண்டுகள் பிரிந்திருந்த யேனாவின் தொழிலாளருக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

விடுமுறை நாட்களில் இவ்வேலையைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர், பெறுமதியற்ற பழைய வில்லை ஒன்றிலே முதலிற் பழகுவாராக. கழற்றிய உறுப்புக்களை வெள்ளைத் துணியில் வரிசையாக வைப்பாராக. கை சலித்துக் கோபம் எழும்போது கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செல்வாராக. இரவில் அசையாத வளையம், ஊறிய எண்ணெயின் உதவியால் மறுநாட் காலையில் அசைவது உண்டு.