சாவி எங்கே வாத்யாரே?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் தயவு வைத்தால் ஒரு மணி நேரம். வைக்காவிட்டால், டிபன் கட்டிக்கொண்டு போவது உத்தமம்! வண்டியை 'ஸ்டார்ட்' பண்ணுகிற கலை எப்படியெல்லாம் மாறியது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு ரோடே போதும்.

நண்பரின் புது காரில் கிளம்பினோம். சாவியில்லாத கார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். உண்மையில் சாவி உண்டு, துவாரம்தான் கிடையாது. தீப்பெட்டி சைஸில் ஒரு சமாச்சாரம், பேன்ட் பாக்கெட்டிலேயே கிடக்கும்.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷன் வாசல். அன்றைக்கு இன்ஜினில் நெருப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து, நீராவி சேருகிறவரை மணிக்கணக்கில் காத்திருக்கணும். நண்பரோ கதவுக் கைப்பிடியைத் தொட்டதோடு சரி. கார் ரேடியோ அலையில், "யாருப்பா அது?" என்று விசாரிக்கிறது. ஓரிரு மீட்டருக்குள் இருக்கிற சாவி, "நான்தான்" என்று ரகசிய பாஷையில் பதில் தருகிறது. ஒவ்வொரு தடவையும் பதில் வேற வேற! கதவு திறந்ததும் பிரேக்கை (கியர் வண்டியென்றால் கிளட்சை) மிதித்து பொத்தானை அமுக்கினால்... புர்ர்ர்!

சில கார்களில் இன்னும் ஒரு படி மேலே. 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவின் ஆட்டோமேட்டிக் மாடலை செல்போனிலிருந்தே ஸ்டார்ட் செய்யலாம். மே மாத வெயிலில், நாம் மாடிப்படி இறங்குவதற்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். சொகுசுதான். ஆனால் ராயபுரம் தெருவில் நிற்கும் காருக்கு அது சரிப்படாது சார்! 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 126-வது பிரிவைப் படியுங்கள். பொது இடத்தில் நிற்கும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்கணும். இல்லாவிட்டால் வண்டி தானாக நகராதபடி இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டோ, வேறு ஏற்பாடு செய்தோ வைத்திருக்கணும். 'போன்ல ஸ்டார்ட் பண்ணேன்' என்று கான்ஸ்டபிளிடம் வாதாடுவது உங்கள் சாமர்த்தியம்.

காசிமேடு. மீன் வாசனையோடு டீ. நண்பர் பொத்தானை அமுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்:

"சாவி எங்க வாத்யாரே?"

"பாக்கெட்ல இருக்கு பெரியவரே. எடுக்கவே வேணாம்."

"எடுக்க வேணாமா? அப்போ திருடனுக்கும் வேல மிச்சம்னு சொல்லு!"

நண்பர் சிரித்தார். பெரியவர் கேட்டதில் தப்பே இல்லை. வெளிநாடுகளில் இப்படித்தான் திருடுகிறார்கள். ஒருத்தன் வீட்டு வாசலில் ஒரு கருவியோடு நிற்பான், இன்னொருத்தன் கார் பக்கத்தில். உள்ளே மேஜைமேல் கிடக்கும் சாவியின் பதிலை வாங்கிக் காருக்கு அஞ்சல் செய்துவிடுவார்கள். காரும் முதலாளி வந்துவிட்டார் என்று நம்பிக் கதவைத் திறந்துவிடும்! இதற்கு மருந்து மூடி இறுக்கமான தகர டப்பா. சாவியை உள்ளே போட்டுக் காரருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கதவு திறக்காவிட்டால் நல்ல டப்பா.

அடுத்தது திருவொற்றியூர். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, புல்லட் செய்த ஊர். பழைய புல்லட்டை ஸ்டார்ட் பண்ணுவது லேசுப்பட்ட காரியமா? அம்மீட்டர் முள் நடுவில் வரணும், டீகம்ப்ரஷர் லீவரைப் பிடிக்கணும், கிக்கரை மெல்ல இறக்கணும், அப்புறம் ஒரே மிதி! முறை தப்பினால் திருப்பி உதைக்கும். மாப்பிள்ளை நொண்டிக்கொண்டு போவார். இப்போது வருகிற புது புல்லட் 350-ல் கிக்கரே கிடையாது.

எண்ணூரில் அசோக் லேலண்ட். 1948-ல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து, ஆரம்பத்தில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்த கம்பெனி. அந்தக் காலத்துக் கார்களில் பேட்டரி மக்கர் பண்ணினால் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றணும். எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு காலி! அந்தத் தொல்லை தீரத்தான் 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது.

கை வலி போயிற்று, சரி. புது ஆபத்து எதில் என்றால், சத்தமில்லாத இன்ஜினில். முன்பெல்லாம் சாவியைத் திருகி உருவினால் இன்ஜின் நின்றுவிட்டது என்று கைக்கே தெரியும். இப்போது சாவி பாக்கெட்டில். இன்ஜின் ஓடுவதை மறந்து இறங்கிப் போய்விடலாம். மூடிய ஷெட்டாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அமெரிக்காவில் 2006 முதல் 20 பேருக்கு மேல் இப்படி இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் 2018-ல் எழுதியது. ஷெட்டுக்குள் ரிமோட் ஸ்டார்ட் கூடவே கூடாது.

இன்னொரு விஷயம். சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி ஒரு நாள் செத்துப்போகும். பதறாதீர்கள். சாவிக்குள்ளேயே சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதால் கதவைத் திறக்கலாம். பிறகு செத்த சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பெரும்பாலான கார்கள் கிளம்பிவிடும். எந்த இடத்தில் பிடிக்கணும் என்பது காருக்குக் கார் மாறும். அதற்குத்தான் கையேடு கொடுத்திருக்கிறார்கள். டாஷ்போர்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் தூங்குகிறதே, அதேதான்!