துவக்கும் அமானிதமும்

கிழக்கிலே வேளாண்மைக் குடும்பங்களில் பிறந்த எங்களுக்குத் துவக்கு புதிய பொருளன்று. பன்றிக்கும் யானைக்கும் காவலாக, கச்சேரியில் அனுமதிப்பத்திரம் எடுத்துத் துவக்கு வைத்திருந்த வாப்பாமாரை நாமறிவோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளின் பின்னர், நமது ஊர்களில் ஊர்காவல் படையினரின் தோளில் அது ஏறியதையும் அறிவோம். நானும் சிறிது காலம் அதைச் சுமந்தவன். ஆனால் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் கைத்துவக்குகளில் ஒன்றைத் தெரிவுசெய்து வாங்கிவருவது நமது அனுபவத்துக்கு வெளியே உள்ள காரியம்.

அமெரிக்காவில் அது சாதாரணம். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழ்கிறான் என் தங்கையின் மகன். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ஜும்ஆவுக்கு வந்தவர்கள் சுடப்பட்டு 51 பேர் ஷஹீதான நாளிலிருந்து அவன் மனதில் ஓர் அச்சம் குடியேறியிருந்தது. அண்மையில் தொலைபேசியில், “மாமா, ஒரு பிஸ்டல் வாங்குவம் எண்டு யோசிக்கன். உங்களுக்குத் துவக்குப் பழக்கம் இரிக்கிதானே, எதைப் பார்த்து வாங்குற?” என்று கேட்டான். அவனது அச்சத்தை இலேசாக எடுக்க என்னால் முடியவில்லை. தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்ட மண்ணைச் சேர்ந்தவன் நான்.

வாங்குவதற்குச் சட்டத்தில் பெரிய தடையில்லை. உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துவக்கு வாங்க 21 வயதாகியிருக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவரானால் நிரந்தர வதிவிட உரிமை இருந்தால் போதும். ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், குற்றப் பின்னணி உண்டா என்று எஃப்.பி.ஐ.யின் பதிவுகளில் சரிபார்ப்பார்கள். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தகுதியுள்ளவர்கள் தனி அனுமதிப்பத்திரமின்றியே கைத்துவக்கோடு வெளியே நடமாடலாம். பயிற்சி பெற்றுத்தான் வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சட்டம் கேட்காததை வாங்குபவன்தான் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, வாங்குமுன் பயிற்சித் திடலுக்குப் போய், காதுக்கும் கண்ணுக்கும் காப்பணிந்து, ஓர் ஆசிரியரின் கண்காணிப்பில் இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார் என்றேன். சுழல் துவக்கில் ஐந்தாறு ரவைகளே கொள்ளும், விசை கனமானது, ஆனால் உள்ளே ரவை இருக்கிறதா என்பதைச் சுழலியைத் திறந்ததும் கண்ணால் காணலாம். பிஸ்டலில் ரவைகள் பிடிக்குள் செருகும் ரவைக்கூட்டில் இருக்கும். அந்த ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் துவக்கு வெறுமையாகிவிட்டது என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். குழலின் அடியில் ஒரு ரவை தங்கியிருக்கலாம். எத்தனையோ வீடுகளில் உயிரைக் குடித்தது அந்த ஒற்றை ரவைதான். மிகச் சிறியது பெண்களுக்கும் புதியவர்களுக்கும் இலேசு என்பதும் பிழையான எண்ணம். பாரம் குறையக் குறையத் துவக்கு கையை உதைக்கும் வேகம் கூடும்.

ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் நான்கு விதிகளைப் பரப்பினார். எந்தத் துவக்கையும் ரவை நிரம்பியதாகவே கருதவேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் வாய் திரும்பக்கூடாது. குறி பார்க்கும்வரை விரல் விசையில் படக்கூடாது. இலக்கையும் அதன் பின்னால் உள்ளதையும் அறியாமல் சுடக்கூடாது. ஊர்காவல் படையில் எங்களுக்கும் ஏறக்குறைய இவற்றையே சொன்னார்கள். ஆனால் இரண்டாவது விதி எனக்கு மதரசாவிலேயே அறிமுகமாகியிருந்தது. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஷைத்தான் கையை இழுத்துவிடக் கூடும் என்பதைக் காரணமாகவும் சொன்னார்கள். உருவிய வாளை மற்றவர் கையில் கொடுப்பதையும் தடுத்தார்கள்.

இவற்றையெல்லாம் சொன்ன பின்னும் மனம் ஆறவில்லை. ஏனெனில் துவக்கு வாங்குகிறவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள்ளே இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துவக்கால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அதாவது, பாதிக்கும் அதிகம்.

இதன் பொருள் நமக்கு விளங்காததல்ல. வீட்டு மூலையில் கிருமிநாசினிப் போத்தல் இருந்ததால் எத்தனை இளசுகளை இழந்தோம்! 1995இலும் 1998இலும் மிகக் கொடிய கிருமிநாசினிகள் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டபின், பத்தாண்டுகளில் தற்கொலை வீதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கவலைகள் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் சாவு இல்லாதபோது, அந்தப் பொல்லாத நாழிகை கடந்துபோயிற்று, மனிதர் பிழைத்துக்கொண்டார்கள்.

எனவேதான் எந்தப் பிஸ்டல் என்பதிலும் எந்தப் பெட்டி என்பதையே அதிகம் பேசினேன். 2005ஆம் ஆண்டின் சட்டப்படி வியாபாரி கைத்துவக்கோடு ஒரு பூட்டையோ பூட்டத்தக்க பெட்டியையோ கொடுக்கவேண்டும். ஆனால் பூட்டுவது வாங்கியவன் கையில். தலையணைக்குக் கீழும் அலுமாரித் தட்டின் மேலும் ஒளித்துவைப்பது காவலாகாது. பிள்ளைகள் அறியாத ஒளிப்பிடம் எந்த வீட்டில் உண்டு? துவக்கு இரும்புப் பெட்டியில், ரவை வேறிடத்தில் வேறு பூட்டுக்குள் இருக்கவேண்டும். வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும் காலத்தில் அது அந்த வீட்டிலேயே இருக்கக்கூடாது. அத்தனையும் செய்ய முடியாதவனுக்கு வாங்காமலிருப்பதே பாதுகாப்பு.

துவக்கு ஓர் அமானிதம். அதன் விலையைக் கடையில் ஒருமுறை கொடுத்து முடித்துவிடலாம். அதன் பொறுப்பை ஒவ்வோர் இரவும் பூட்டைத் தொட்டுப் பார்த்து நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. அம்புகளோடு பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் வருகிறவர்களை அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளுமாறு ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அருகில் நிற்கும் ஒருவருக்குக் கீறல்கூடப் படக்கூடாது என்பதே அவர்களது கவலையாக இருந்தது. இன்று அருகில் நிற்பவர்கள் நமது மனைவி மக்கள்.