அரிசிப் பாட்டு

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்வார்கள். ஆகாயகங்கை அருவியைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கோ அந்த மலை என்றால் ஓர் அமெரிக்கப் பாட்டு ஞாபகம் வருகிறது. செம்மேட்டில் நான் தங்கியிருந்த வீட்டுப் பையன் காப்பிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டே, "சார், கல்யாணத்துல அரிசி போடறதப் பத்தி வெள்ளக்காரனும் பாடியிருக்கான், கேளுங்க" என்று கைபேசியில் வைத்தான்.

பாட்டின் பெயர் 'ரைஸ் இஸ் நைஸ்'. லெமன் பைப்பர்ஸ் என்ற கோஷ்டி 1968இல் வெளியிட்ட இசைத்தட்டு. மூன்று நிமிஷம்கூட ஓடாது. நாம் அட்சதை தூவுவதுபோல அவர்கள் மணமக்கள்மேல் அரிசி இறைப்பார்கள் அல்லவா, அதுதான் விஷயம். 'சைகடெலிக்' என்று அந்த நாளில் ஒரு மயக்க சங்கீதம் அடிபட்டது. அந்த ஜரிகையைக் கரையில் வைத்துத் தைத்த குழந்தைப் பாட்டு இது. அமெரிக்கப் பட்டியலில் 46ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

பாட்டைவிட அதன் பூர்வகதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒஹையோ மாகாணத்தில் ஆக்ஸ்ஃபர்ட் என்று ஒரு கல்லூரி ஊர். அங்கே ஐந்து வாலிபர்கள் முரட்டு ராக் வாசித்துக்கொண்டிருந்தார்கள். புத்தா என்ற இசைத்தட்டுக் கம்பெனி, பால் லேகாவும் ஷெல்லி பின்ஸும் எழுதிய 'கிரீன் டாம்பரின்' பாட்டை அவர்கள் கையில் திணித்தது. பையன்களுக்குப் பிடிக்கவில்லை. மறுத்தால் கம்பெனி கைவிட்டுவிடும்; பாடினார்கள். மின்சார சித்தாரின் ரீங்காரத்தோடு அது 1968 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று. கஞ்சிரா மாதிரி ஒரு வாத்தியத்தை நீட்டி, காசு போட்டால் வாசிக்கிறேன் என்று தெருவில் நிற்கும் ஏழையின் பாட்டு அது. பாடியவர்களின் கதையும் ஏறக்குறைய அதுதானே!

கம்பெனி அதே தினுசில் இன்னொன்று கேட்டது. அதே இருவர் எழுதிக்கொடுத்ததுதான் அரிசிப் பாட்டு. 1969இல் கோஷ்டி கலைந்தது.

"அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க சார்" என்பதை நானும் ஒரு பத்திரிகை ஆபீஸில் கேட்டிருக்கிறேன். என் தொடர்கதை ஒன்றில் ஒரு விதவைத் தாய் அழுதாள், வாசகர்களும் அழுதார்கள். அப்புறம் மூன்று தொடர்களில் வேறு வேறு பெயரில் அவளே வந்து அழுதாள். வீட்டு வாடகைக்கு அவள்தான் பொறுப்பு. ஆகவே அந்தப் பையன்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அவனிடம் பரிசில் வாங்கிய கூத்தர்களைப் பற்றி வன்பரணர் புறநானூற்றில் (153) சொல்கிறார். மணிகள் இழைத்த குவளை மாலை, நகை, யானைகள் எல்லாம் கிடைத்தன. பசி அற்றுப்போனது, வாத்தியங்கள் முழங்கியும் அவர்களுக்கு ஆட முடியவில்லை, பாட்டும் மறந்துபோயிற்றாம். புலவர் புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார். எனக்கென்னவோ படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் திகில்தான். ஓரி கையைக் கட்டவில்லை, இன்ன பாட்டுத்தான் வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனாலும் பாட்டு போய்விட்டதே!

அந்தக் கூத்தர்கள் பிறகு எப்போதாவது பாடினார்களா என்று அந்தப் பாட்டில் இல்லை. லெமன் பைப்பர்ஸில் கிதார் வாசித்த பில் பார்ட்லெட் மட்டும், ராம் ஜாம் என்ற கோஷ்டியோடு 1977இல் 'பிளாக் பெட்டி' என்ற பழைய உழைப்பாளர் பாட்டைப் போட்டு அடித்திருக்கிறார். அந்தக் கிதாரைக் கேட்டால், ஆக்ஸ்ஃபர்ட் பையன்கள் எதை வாசிக்க ஆசைப்பட்டிருப்பார்கள் என்று புரிகிறது.