சித்தப்பாவின் வள்ளமும் என் லெட்ஜரும்

"சொந்தமா பாய்மரப் படகு வெச்சிருக்கோம்" என்று வகுப்பில் சொன்னால், ஏதோ வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தீவு தீவாகச் சுற்றும் பணக்காரக் குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சித்தப்பா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார் :-)

எங்கள் ஊர் கீழக்கரைக்குப் பக்கம். எதிரே மன்னார் வளைகுடா. வள்ளத்தில் போனால் முள்ளித் தீவு, வாலைத் தீவு, தலையாரித் தீவு, அப்பா தீவு என்று வரிசையாகத் தெரியும். 1986-ல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து இறங்கக் கூடாது, ஒதுங்கித்தான் போக வேண்டும். மொத்தம் 21 தீவுகள் என்று புத்தகத்தில் இருக்கும். அதில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் பலன்.

சித்தப்பா பத்து வருடம் முன்பு அந்த வள்ளத்தை 40,000 ரூபாய்க்கு வாங்கினார். இப்போது ஒருவர் 12,000-க்குக் கேட்கிறார். "விற்றுவிட்டு, கடன் வாங்கி இன்ஜின் வைத்த ஃபைபர் போட் எடுப்போம்" என்பது பெரியப்பா கட்சி. "பி.காம். படிக்கிறேல்ல, நீயே கணக்குப் போட்டுச் சொல்லுடா" என்று சித்தப்பா என்னிடம் தள்ளிவிட்டார்.

போட்டேன். வருடம் 20% தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறை. பத்து வருடம் கழித்து மதிப்பு 4,295 ரூபாய். 12,000-க்கு விற்றால் லாபம்! பாடப்புத்தகப்படி இங்கேயே கணக்கு முடிந்தது.

ஆனால் கரையில் கணக்கு வேறு. பாட்டில் கிடைத்த காசைப் பிரிக்கும்போது ஆளுக்கொரு பங்கு, வள்ளத்துக்கும் ஒரு பங்கு. அதாவது நம் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக உட்கார்ந்திருக்கும் வள்ளம், அங்கே பார்ட்னர். தன் பங்கை வாங்கித் தன் தையலையும் பாயையும் தானே பார்த்துக்கொள்கிறது.

அடுத்தது எரிபொருள். இன்ஜின் போட் கரையை விட்டுக் கிளம்பும்போதே செலவோடுதான் கிளம்பும். கொஞ்சம் மீன் பட்டால் அது எண்ணெய்க்கே சரி. பாய்க்குக் காற்றுதான் எரிபொருள். பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் விடியுமுன் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் ஓடி, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் திரும்பலாம். எதிர்க்காற்று என்றால் நேராக வர முடியாது, இடமும் வலமுமாகச் சாய்த்துச் சாய்த்து வரவேண்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எல்லாம் சித்தப்பாவுக்குக் கன்னத்தில் பட்டாலே தெரியும். எனக்கு இன்னும் விரலை நனைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது இது போகலாம் என்பது கூடுதல் வரவு.

இப்படியே எழுதி "விற்க வேண்டாம்" என்று முடித்திருப்பேன். சித்தி குறுக்கே ஒன்று கேட்டார்: "காத்து விழுந்துட்டா அவரு எப்படிப்பா வருவாரு?"

அதற்கு என் லெட்ஜரில் பத்தி இல்லை. காற்று நின்றால் துடுப்புதான். சித்தப்பாவுக்கு வயது 52, தோள்வலி வேறு. அவர் இருட்டி வரும் நாட்களில் சித்தி சாப்பிடாமல் வாசலில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எரிபொருள் மிச்சம் என்று நான் எழுதிய தொகைக்கு எதிர்ப்பக்கம் அந்தக் காத்திருப்பும் வரவேண்டும் அல்லவா?

ஆகவே கடைசியில் எழுதிக் கொடுத்தது இது: வள்ளத்தை விற்க வேண்டாம். பெரிய கடனும் வேண்டாம். பழைய சின்ன இன்ஜின் ஒன்று வாங்கி அதே வள்ளத்தில் மாட்டலாம். போவது பாயில், காற்று விழுந்தால் மட்டும் இன்ஜின். கம்பெனிகள் ரிசர்வ் ஃபண்ட் வைப்பது போல. லாபத்துக்கு அல்ல, வீடு திரும்ப.

பெரியப்பாவுக்கு இதில் திருப்தி இல்லை. சித்தப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பார்ப்போம்" என்றார். சித்தி மட்டும் இன்ஜின் என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.