கையை விட்டது யார்

நீடாமங்கலம் தாண்டியதும் வண்டி வேகமெடுத்தது. எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள். அக்காள் தங்கை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஒரே மூக்கு. மூத்தவருக்கு எழுபது இருக்கும், இளையவருக்கு இரண்டு மூன்று வயது குறைவு. ஜன்னலோரம் பேத்தி.

"திருவாரூர் ஆழித்தேர் அன்னிக்கு கீழ வீதியில நான் தொலைஞ்சு போனேன்ல..." என்று பேத்தியிடம் ஆரம்பித்தார் மூத்தவர்.

"நீ எங்கக்கா தொலைஞ்ச? தொலைஞ்சது நான்."

கோபமில்லை, பதற்றம்தான். போலீஸ்காரர் தோளில் தூக்கிக்கொண்டது, பன் வாங்கிக் கொடுத்தது, அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்துவிட்டு அழுதது எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். தோளில் இருந்த பிள்ளை மட்டும் வேறு. தொப்பியில் வேர்வை நாறியது என்கிறார் மூத்தவர். தொப்பி முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது என்கிறார் இளையவர், முழங்காலைத் தொட்டுக்காட்டி. யாரைப் பொய் சொல்கிறார் என்பது? இரண்டு பேர் கண்ணிலும் தேர்க்கூட்டம் தெரிகிறது.

இரட்டையர்களிடம் இதைக் கண்டு 2001-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள் ஷீன், கெம்ப், ரூபின் என்ற மூவர். ஒரே சம்பவத்தை 'எனக்குத்தான் நடந்தது' என்று இருவருமே நம்புகிறார்கள். இரட்டையர் மட்டுமல்ல, வயது நெருங்கிய உடன்பிறப்புகளும் அப்படித்தான். எனக்கு இதில் வியப்பில்லை. அந்த வீட்டில் இந்தக் கதை எத்தனை ராத்திரி சோற்றோடு பிசைந்து ஊட்டப்பட்டிருக்கும்! கேட்ட பிள்ளையும் ஒருநாள் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"நீதான் என் கையை விட்ட" என்றார் மூத்தவர்.

"நானா? ராட்டினத்தப் பாத்துக்கிட்டு நீ விட்டுட்ட."

அதே ஆய்வாளர்கள் பிறகு இதையும் கவனித்தார்கள்: பட்ட துன்பத்தையும் பெற்ற பெருமையையும் மனம் தன் பக்கம் எழுதிக்கொள்கிறது, செய்த தப்பை அடுத்தவர் பெயரில் வைக்கிறது. ஆனால் அந்த விரல்களைப் பார்த்தவர்களுக்கு அது கணக்கு வழக்காகத் தெரியாது. பேசப் பேச மூத்தவர் தன் முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தார். இளையவர் பேத்தியின் மணிக்கட்டை.

"அம்மா இருந்தா கேக்கலாம்."

இருவரும் வெளியே பார்த்தார்கள். கொரடாச்சேரி வந்தது. ஒரு கூடைக்காரம்மா இறங்கினார். மூத்தவர் ஆரஞ்சு ஒன்றை உரித்து, முதல் சுளையைத் தங்கையிடம் நீட்டினார். வண்டி மறுபடி நகர்ந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அந்த பன்னுல மேல சீனி தூவியிருந்துச்சில்ல?"

"ஆமாக்கா. உதட்டுல எல்லாம் ஒட்டுச்சு."